அப்பாவின் சட்டைக்குள் கட்டிய வதை

ஆடி 15, சனி

மேற்கே இருந்து கச்சான் காற்று. தொண்டைவரை புழுதி. காலையில் பள்ளிச் சீருடைகள் வெட்டியது. தைக்கவில்லை, சோம்பல். தேன்பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தேன். தேன்பூச்சி வளர்ப்பு வகுப்பு முடித்தவர்களுக்குப் பெட்டி தந்தார்கள். பூச்சியை நீங்களே பிடியுங்கள் என்றார்கள். நல்ல கதை.

ஊரெல்லாம் தேடியலைந்தால், பூச்சி என் வீட்டுக்குள்ளேயே. அப்பாவின் அலுமாரி, முதுகுப் பலகையில் ஓட்டை, அதன் வழியே போக்குவரத்து. சுனாமியில் மிதந்துபோய் வாவிக்கரைக் கண்ணாமரப் பற்றைக்குள் செருகிக் கிடந்த அலுமாரி. அப்பாதான் ஆள் பிடித்துத் தூக்கிவந்தார்.

அலுமாரிப் பூட்டின் திறப்பு அம்மாவின் இடுப்பில். கேட்டேன்.

"அவரு வந்து துறக்கட்டும்."

அப்பா வாவிக்கு அக்கரை வயல்வட்டைக்குக் காவல் போனது சுனாமிக்கு இரண்டாம் வருசம், ஷெல்லடி நேரம். போனவர் போனவர்தான். சண்டை முடிந்தும் ஒரு வருசம் ஓடிவிட்டது.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல், நெருப்புப்பெட்டி.

ஆடி 16, ஞாயிறு

மாமாவின் மகன் சிவா வந்தான். "மச்சான், இன்னும் எட்டு நாளையில ஆடி அமாவாசை. இந்த வருசமெண்டாலும் மாமாக்கு விரதம் புடி. தீர்த்தத்துக்கு நான் கூட்டிப்போறன்."

அடுப்படியிலிருந்து அம்மா: "தகப்பன் செத்தவனுக்குத்தான்டா அந்த விரதம். என்ட புள்ளைக்குத் தகப்பன் இரிக்காரு. அண்டைக்கு மீன்கறிதான்!"

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இதே கூத்து. ஊரே காய்கறி, எங்கள் வீட்டில் மணலை மீன் பொரியும். பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வெட்கம். விசர் பிடிக்கிறது. இந்த முறை விரதம் பிடிப்பேன். ஒருதரம் அழுது முடித்துவிட்டால் போதும்.

ஆடி 18, செவ்வாய்

பின்னேரம் அம்மா அறைக்குள் கதை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இண்டைக்குக் கீரை கசந்துட்டு... ஓம்... உங்கட மகன் விரதம் புடிக்கப்போறானாம், கேட்டீங்களா?"

எட்டிப் பார்த்தேன். அம்மா அலுமாரிக் கதவில் காதை வைத்து நிற்கிறார். அவர் பேசினால் உள்ளே சத்தம் தணிகிறது. நிறுத்தினால் எழும்புகிறது, பதில் சொல்வதுபோல. பூச்சிதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் கை மயிரெல்லாம் எழும்பிவிட்டது.

"அம்மா, அது தேன்பூச்சி."

"தெரியும் மகன். அவரும் இப்பிடித்தானே, வாயத் துறக்காம முனகுவாரு."



ஆடி 20, வியாழன்

சரியான வெக்கை. அலுமாரிக்கடியில் எறும்பு, தேன் கசிவு. "அப்பாட சட்டையெல்லாம் பாழாப் போகும்" என்றேன். அதற்குத்தான் திறப்பைத் தந்தார்.

சிவா தேங்காய்ப் பொச்சுப் புகை போட்டான். கதவைத் திறந்தேன். சட்டைகள் வரிசையாகத் தொங்கின, நடுவில் வெள்ளைச் சட்டை மட்டும் உப்பி நின்றது. நான் தையல்காரன். உள்ளே ஆள் இருந்தால்தான் தோள் அப்படி நிற்கும். நெஞ்சளவு அப்பாவுடையதேதான். அதுவும் மெல்ல மெல்ல அசைகிறது, மூச்சு வாங்குகிற மாதிரி.

"ஐயோ, மாமாடா!" சிவா புகைச்சட்டியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓட்டம். வீரன்.

மேலிருந்து பொத்தான்களைக் கழற்றினேன். உள்ளே, சட்டை தொங்கிய மரக்கொளுவியிலிருந்து வயிறுவரை தேன்வதைகள். புதியவை, பால் வெள்ளை. குஞ்சு வதைகளைப் பெட்டிச் சட்டங்களில் வாழைநாரால் கட்டினேன். ராணியும் பெட்டிக்குள் வந்துவிட்டாள். அதுவரை சரி.

தேன் வதையில்தான் கோட்டைவிட்டேன். தொங்கினபடியே நிமிர்த்திப் பிடியுங்கள் என்று வகுப்பில் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார்கள். கைப்பழக்கம் விடுகிறதா? வெட்டிய துணியைப்போல இரு கையிலும் படுக்கவைத்தேன். நடுவில் முறிந்தது. தேன் அவ்வளவும் சட்டை நெஞ்சில்.

அம்மா அந்த ஈரச் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆடி 22, சனி

பூச்சி கொட்டிய கை வீக்கம் வற்றுகிறது. பெட்டி மாமரத்தடியில், பூச்சிகள் வேலையில். அலுமாரி ஓட்டைக்குத் தகரம் வைத்து ஆணி அடித்தேன். மிஞ்சிய தேனைச் சிவா நக்கிப் பார்த்து, "சோக்கு!" என்றான். நான் தொடவில்லை.

அம்மா அலுமாரி முன்னால் குந்தியபடி. கதை இல்லை. விளக்கு வைக்கும் நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"சத்தம் நிண்டுட்டு மகன்."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "நீ விரதம் புடி" என்றார்.

இத்தனை வருசம் சண்டை பிடித்துக் கேட்டது. கிடைத்ததும் வேண்டாம்போல இருந்தது.

ஆடி 24, திங்கள். அமாவாசை

காற்று விழுந்துவிட்டது. ஓலைகூட அசையவில்லை. விடியற்காலை கிணற்றடிக் குளிப்பு. அம்மா அடுப்படி கழுவி, மீன்சட்டியைக் கவிழ்த்துவிட்டார். நெற்றியில் பொட்டு இல்லை. பார்க்கமுடியவில்லை. வேலிப் படலையில் சிவா, சைக்கிள் மணி.

வேட்டி எடுக்க அம்மாவின் அறைக்குள் போனேன். அலுமாரிக்குள் முனகல்.

திறந்தேன். ஒரு பூச்சி இல்லை. தகரம் அடித்தபடி. சட்டைகள் சும்மா தொங்கின.

"அம்மா, கேக்குதா?"

"என்ன மகன்?" வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினேன். திரும்பவும். தாழ்ந்த குரல், நிறுத்தி நிறுத்தி. நான் மூச்சுவிட்டால் அதுவும் நிற்கிறது.

"நேரம் போகுதுடா!" சிவா.

நேரே அடுப்படி. பானையில் பழஞ்சோறு கிடந்தது. கையால் அள்ளி வாய்க்குள் திணித்தேன். அம்மா பதறி ஓடிவந்தார்.

"இண்டைக்கு விரதமல்லோ மகன்!"

"எனக்கென்னத்துக்கும்மா விரதம்? அப்பா இரிக்காரு" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.