நான்கு சிங்காரிகள்

ஜூன் 3

மிருகக்காட்சிசாலைக்கு நூறு வயது ஆகிறதாம். விழா மலர் போடுகிறார்கள்; வரலாற்றுப் பகுதியை நான் எழுத வேண்டுமாம். வேலைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள், இனி கரடிக்கும் குரங்குக்கும் சரித்திரம் எழுதப் போகிறேன். பெரிய வித்தியாசம் இருக்காது.

இயக்குநர் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். எதிரில் நான் ஒருத்திதான். ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதுபோல் பார்வை அறையைச் சுற்றி வருகிறது. "நம்ம வரலாறு பொன்னெழுத்துல இருக்கணும் மேடம்." அவருக்கு மைக் என்று பெயர் வைத்துவிட்டேன். சுவரில் அவர் படம் நான்கு. சிங்கத்துக்கு ஒன்று.

ஜூன் 11

பொன்னெழுத்து வரலாறு: கப்பலில் ஒட்டகச்சிவிங்கி வந்தது. ஊரே திரண்டு பார்த்தது. முதல் மழைக்காலத்தில் செத்தது. உயிரோடு இருந்தபோது கூரை போடவில்லை. செத்த பிறகு சிலை வைத்து, சிலைக்கு மண்டபம் கட்டினார்கள்.

ஜூன் 20

பழைய புகைப்படங்கள் அனுப்புங்கள் என்று விளம்பரம் கொடுத்தாலும் கொடுத்தார்கள், மூட்டை மூட்டையாக வருகின்றன. எல்லாம் சிங்காரி. அறுபது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளை முதுகில் சுமக்கும் யானை. பல்லிளிக்கும் மாமாக்கள், வீறிடும் குழந்தைகள், வெயில் கண்ணாடிகள். யானையைப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

அத்தான் போன பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அவளும் இரண்டு படம் கொடுத்தாள். ஆறு வயதில் சிங்காரி மேல் உட்கார்ந்திருப்பது ஒன்று. பிறகு மகனைக் கூட்டிப் போனபோது எடுத்தது ஒன்று. "அத்தனை வருஷம் கழிச்சும் என்னை அடையாளம் கண்டுபிடிச்சு, தும்பிக்கையால தலையைத் தடவுச்சுடி." நூறாவது தடவை சொல்கிறாள். தலையில் பூ வைத்திருந்திருப்பாய், தின்னப் பார்த்திருக்கும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 24

படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். அக்காவின் முதல் படத்தில் இடது காது ஓரம் பிறை மாதிரி பிய்ந்திருக்கிறது. இரண்டாவதில் அதே காது முழுசாக இருக்கிறது. பிய்ந்த காது வளருமா என்ன? மற்ற படங்களையும் புரட்டினேன். ஒரு யானைக்குப் பாதி வால். இன்னொன்றுக்கு நெற்றி முழுக்க வெளிறிய புள்ளிகள்.

ஒரு யானை இல்லை. நான்கு!

ஜூன் 25

அங்கே மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "சிமெண்ட் தரையிலயே நின்னு கால் புண்ணாகி அழுகிடும் மேடம். அறுபது எழுபது வருஷம் வாழ வேண்டிய ஜீவன், இங்க முப்பதைத் தாண்டினதில்ல. ஒண்ணு போனா கொஞ்ச நாள் 'உடல்நலமில்லை'ன்னு போர்டு மாட்டுவாங்க. அப்புறம் வேற யானை, அதே பேரு."

"இப்ப இருக்கிறது?"

"நாலாவது. அதுக்கும் கால்ல ஆரம்பிச்சிடுச்சு. விழா முடிஞ்சதும் புது யானை ஒண்ணு வருது."

புது யானைக்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஜூன் 28

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மைக் சிரித்தார். "இது விழா மலர் மேடம், இரங்கல் மலர் இல்ல. ஜனங்க சந்தோஷமா நம்பிட்டிருக்காங்க. அதை ஏன் கெடுக்கணும்?"

பொய் சொல்கிறவனுக்குத்தான் எப்போதும் ஜனங்களின் சந்தோஷத்தில் என்ன ஒரு அக்கறை!

ஜூலை 2

பத்திரிகை ஆபீஸ். "எப்பவோ செத்த யானையில என்னம்மா நியூஸ் இருக்கு?" ஊருக்கேற்ற பத்திரிகை.

ஜூலை 6

அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். மறுபடியும் தும்பிக்கைக் கதையை எடுத்தாள்; என் வாய் சும்மா இருக்கவில்லை. படங்களை முன்னால் போட்டுக் காதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப என்னை ஏத்திக்கிட்டது என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு. உனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே."

"இதைச் சொல்றதுல உனக்கு ஒரு சந்தோஷம், இல்ல?"

சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். இந்த வயதில் யானைக்காக அழுகை! எனக்கென்ன சந்தோஷம்? உண்மையைச் சொன்னால் சந்தோஷமா — கொஞ்சம் இருந்ததோ? சனியன்.

ஜூலை 7

அக்கா அந்த இரண்டு படத்தையும் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16

விழா. சிங்காரி படம் கொண்டுவந்தால் அனுமதி இலவசம். மைக்கின் மூளையில் உதித்த யோசனை. மைக்குக்கு மைக் கிடைத்தது. "மூன்று தலைமுறைகளின் தோழி, நம் சிங்காரி!" கைதட்டல். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கூட வந்திருந்த அக்காவின் நாற்காலி காலி. மேடைக்குக் கீழே நிற்கிறாள், கையில் இரண்டு படம்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நான் ஏறின யானை எப்ப செத்துச்சு? எங்க புதைச்சீங்க?"

கத்தவில்லை. காணாமல் போன ஆளை விசாரிப்பதுபோல் கேட்டாள். மைக் சிரித்தார். "அதோ நிக்குதேம்மா!"

"அது இல்லைங்க. காதைப் பாருங்க."

முன்வரிசையில் ஒரு பெரியவர் தன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "என்னோடதுக்கு வால் பாதிதானே இருக்கு?" அவ்வளவுதான். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. மொத்தக் கூட்டமும் யானைக் கொட்டடி வேலியை மொய்த்தது. "என்னோடது எது?" "எங்கம்மா ஏறினது எது?" படங்கள் கைமாறின. ஒருத்தர் விசும்பினார். கால் வீங்கியிருக்கிறது என்று யார் சொன்னார்களோ, எல்லோரும் குனிந்து அதன் காலைப் பார்த்தார்கள். மைக் காலி நாற்காலிகளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. இத்தனை நாள் பக்கம் பக்கமாக எழுதினேனே — அக்கா கேட்ட கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

செப்டம்பர் 9

புது யானை வரவில்லை. ஊர் போட்ட சத்தத்தில், சிங்காரியைக் காட்டோரச் சரணாலயத்துக்கு அனுப்ப அரசாங்க உத்தரவு. அன்று என்னை விரட்டிய பத்திரிகையில் இன்று முதல் பக்கத்தில் மைக்கின் பேட்டி: "இது என் நெடுநாள் கனவு." த்தூ.

அக்டோபர் 21

மலர் வந்தது. வரலாற்றை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 18

அக்காவோடு சரணாலயத்துக்குப் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நல்ல நடை. தூரத்தில் சிங்காரி சேற்றில் நின்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. காலில் மருந்து பூசிய அடையாளம்.

"கூப்பிடேன், திரும்பும்" என்றேன்.

"எதுக்குடி? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வெயில் ஏறும்வரை நின்றோம். அது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வரும் வழியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்சீட்டுக்காரர் போனில் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு வந்தார். கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.