மாமன் கொண்டு வந்த மாலை

அன்பு மகள் தமிழினிக்கு, நாமக்கல்லிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, மும்பையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் நான் ஆரம்பித்தாலே அப்பா பக்கத்தில் வந்து பேச்சை மாற்றிவிடுகிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குச் சிறந்த நடிகை விருது என்று டிவியில் சொன்னதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பட்டறை வாசலில் லாரி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைத்துவிட்டார். படம் அவரே தேடி எடுத்துக் கொடுத்தது, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் ரோஜா மாலை, நீ சிரிக்கிறாய். அது சினிமாக் கதையில் நீ செத்த பிறகு சுவரில் மாட்டுகிற போட்டோ என்று அவருக்கு எப்படித் தெரியும்? நடித்த நாலு படத்தில் மூன்றில் நீ செத்துப்போகிறாய், ஒன்றையாவது முடிவு வரை பார்த்திருக்கிறாரா, நீ இருமினாலே டீ குடிக்க எழுந்து போய்விடுகிற மனிதர். நானும் அன்று பட்டறைப் பக்கம் போகவில்லை.

எடப்பாடி சின்னுசாமி மாமா நூல் வாங்கக் கரூர் போகிற பஸ்ஸில் வந்திருக்கிறார். அவர் மகனை வேண்டாம் என்று நீ நடிக்கப் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக நம் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வராதவர். கூடப்பிறந்தவன் முகம் பார்க்காமல் நான் பட்டது உனக்குத் தெரியும். ஓடுகிற பஸ்ஸில் எழுத்தா தெரியும், மாலை போட்ட உன் முகம்தான் தெரிந்திருக்கிறது. அங்கேயே இறங்கி, ஒரு மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணெல்லாம் தண்ணீர், அதைப் பார்த்ததும் அவருக்கு உறுதியாகிவிட்டது. அம்மணி, நான் வராமயே இருந்துட்டனே, எல்லாம் போச்சே சாமி என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுகிறார். அண்ணன் வீட்டில்தான் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நானும் கட்டிக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுகிறோம் என்று தெரியவே பத்து நிமிஷம் ஆனது.

பிறகு வந்தது பார் கோபம், ஏனுங்க மாப்ள, உங்களுக்கு வேற படமே கெடைக்கலீங்களா என்று பட்டறையிலிருந்து வந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்விடப் போகிறாரே என்று எனக்குப் பயம். உன் பேட்டியைப் போனில் போட்டுக் காட்டினேன். முதல் சினிமாவை எடப்பாடி மாமா மடியில் உட்கார்ந்து பார்த்தேன், அவர் அழுததைப் பார்த்துத்தான் அழக் கற்றுக்கொண்டேன் என்று நீ சொன்ன இடம் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். நாலு தடவை போடச் சொன்னார். அப்புறம், அம்மணி, சோறு போடு என்றார். ஒன்பது வருஷம் கழித்து என் அண்ணனுக்கு இலை போட்டேன் கண்ணு, இந்த விருதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

பிளக்ஸை அன்றே இறக்கியாச்சு. மாலையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. பொங்கலுக்கு நீ கட்டாயம் வர வேண்டும், தாய்மாமன் பட்டுச் சேலையைத் தன் கையால்தான் கொடுப்பாராம். உன் புதுப் படத்துக்கும் எங்களோடு வருவாராம். நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு சாமி. முக்கியமாக ஒன்று, இந்தப் படத்திலாவது செத்துப்போகாதே, அப்பாவும் மாமாவும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கட்டும்.

உன் அம்மா,
சாரதாமணி