போறவர், வாறவர்

நானா,

நேற்றுக் காலை போனைத் திருத்தக் கொடுப்பதற்காகச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் நின்றேன். கடைக்காரர் யாருடனோ கதைத்துக்கொண்டே ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூடான ஈயக்கோலைத் தாங்கியில் வைப்பதாக நினைத்து மேசையில் வைத்துவிட்டார். நூல் போல ஒரு புகை எழுந்தது. பலகை கருகும் மணம். அவர் பதறி எடுத்து, கருகிய இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்தால் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்து, வீதியோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்கள் போன பிறகு இன்னும் மாரி வரவில்லை. மழைக்காலத்தில்தான் நீங்கள் தந்த பலகையிலிருந்து அந்த மணம் என் வீட்டிலும் எழும்பும் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

உங்கள் வாழ்க்கையில் எல்லாமே இப்படியொரு கை தவறிய வேளையில்தான் தொடங்கியது. கிண்ணியாவில் எல்லோருக்கும் அண்ணனாக, நானாவாக, ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காலம். யாரோ ஒருவருடைய பழைய மரப்பெட்டி ரேடியோவில் ஈயக்கோல் சறுக்கி, பெட்டியின் முகப்பில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. பயத்தில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, தலையில் சில ஓலைகள், அடியில் கொஞ்சம் மணல் என்று போட்டு அதைத் தென்னையாக்கிவிட்டீர்கள். சொந்தக்காரர் வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கடைசியில் அவர், "மத்தப் பக்கம் ஏன் வெறுமனே கிடக்கு? அங்கயும் ஒண்டு போடுங்க" என்றாராம்.

பலகையில் சூட்டுக்கம்பியால் படம் எரிப்பவர் என்று உங்களைப் பற்றிப் பேப்பரில் எழுத முதன்முதல் வந்தபோது, அதை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டேன். "ஆக்கள்ட ரேடியோவிலதான்" என்றீர்கள். நான் குறித்துக்கொண்டிருந்தேன். "அத எழுதிப்போடாதீங்க பேப்பர்காரரே, இன்னும் ரெண்டு பேருக்கு அவங்கட பெட்டி சுட்டது தெரியாது" என்று சிரித்தீர்கள்.

அந்த நாளுக்குப் பிறகு செய்திக்காக உங்களிடம் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதற்காகவே வந்தேன். துறைமுகத்தில் கப்பல் சாமான்கள் அசையாதபடி அண்டை கொடுத்து வரும் வெள்ளைப் பலகைகள் வெளியே விலைக்கு வரும். அவற்றை வாங்கிச் சைக்கிளின் பின்னால் குறுக்கே கட்டிக்கொண்டு வருவீர்கள். இழைத்துச் சுவரில் சாத்திவிட்டு, எதிரே கதிரையைப் போட்டு இருந்துவிடுவீர்கள். கம்பியைச் சூடாக்குவதற்கு முன் சில பலகைகளை நாட்கணக்காகப் பார்த்ததுண்டு. அந்த மரத்தில் ஒரு வரி மெத்தென்றும் அடுத்த வரி கடினமாகவும் இருக்கும். மெத்தென்ற வரியில் கம்பி அமிழும், கடின வரியில் துள்ளும். அந்த மரத்தோடு சண்டை பிடித்து மற்றவர்கள் விட்டுவிடுவார்கள் என்று சொன்னீர்கள். நீங்கள் அந்த வரிகளையே அலைகளாக விட்டுவிட்டீர்கள். "கடல் இதில முதலே இருக்கு. நான் வள்ளத்த மட்டும் வெக்கிறன்."

வள்ளம், கயிறு, நங்கூரம், துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பலின் விளக்குகள், கோட்டைப் பக்கத்து மான்களின் குளம்புத் தடங்கள். எல்லாம் எரித்தீர்கள். மானை எரிக்கவில்லை. மனிதர்களையும் முதுகுப் பக்கமாகவே எரித்தீர்கள். உயிருள்ள எதன் முகத்தையும் எரிப்பதில்லை என்பது உங்கள் கட்டுப்பாடு. யாரும் விதித்தார்களா என்று கேட்டதற்கு, "யாருட்டயும் கேக்கல்ல. அது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ள கதை" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்தக் கட்டுப்பாட்டின் மேல்தான் கடற்கரைக் கிராமமான சல்லியின் தவமணி அக்காவை நான் கொண்டுவந்து நிறுத்தினேன்.

மீனவர் வீடுகளைப் பற்றி எழுதப் போயிருந்த இடத்தில் அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, படம் கீறுற ஆக்கள் ஆரையும் தெரியுமோ?" மகளுக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது. மணவறைக்குப் போகுமுன் பிள்ளை தகப்பனின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். கும்பிடப் படம் இல்லை. கணவர் கடலுக்குப் போன இடத்தில் காற்றில் அகப்பட்டுப் போனவர். அடையாள அட்டை அவர் இடுப்பில் இருந்தது, அவரோடு போனது. கலியாணப் படங்கள் சுனாமியில் வீட்டோடு போயின. சொந்தக்காரர் வீட்டில் மிஞ்சிய ஒரே படத்தை எடுத்துக் காட்டினார். பத்துப் பேர் நிற்கும் படம். அவருடைய முகம் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. மகளுக்குத் தகப்பன் முகம் நினைவில்லை. "எனக்கும் இப்ப மங்குது அண்ணை. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

நான் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் முகத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அவர் வள்ளத்தில எப்பிடி நிப்பார் எண்டு கேட்டு வாங்க" என்றீர்கள். கேட்டு வந்தேன். மற்றவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஓட்டுவார்கள், அவர் நின்றபடிதான் ஓட்டுவார். இடது கை எஞ்சின் பிடியில். தலையில் துண்டு, அதன் நுனி இடப்பக்கம் தொங்கும். வலது தோள் சற்றுத் தாழ்ந்தது.

பலகை முடிந்ததும் என் மோட்டார் சைக்கிளின் பின்னால், அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். தவமணி அக்கா சுவரில் சாத்திவிட்டுப் பார்த்தார். விடிகாலைக் கடல், ஒரு வள்ளம், அதில் முதுகு காட்டி நிற்கும் மனிதர். தாழ்ந்த தோள்கூட அப்படியே இருந்தது. உங்கள் வேலைகளில் அதைவிட நல்லதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நல்லாயிருக்கு நானா" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா இது போறவர்" என்றார்.

"எப்பிடிச் சொல்றீங்க?" என்றீர்கள்.

"வள்ளத்தின்ட முன்பக்க அணியம் கடலைப் பாக்குது. இவர் போறதை நான் ஒருநாளும் பாத்ததில்லை. போறவையை நிண்டு பாக்கக் கூடாது எண்டு எங்கட சனம் திரும்பிடும். நான் பாத்ததெல்லாம் வாறதைத்தான்." பிறகு, உங்களை நோகடித்துவிட்டோமோ என்ற தயக்கத்தோடு சொன்னார்: "குறை நினையாதேங்கோ. போறவரை வீட்டில வச்சு, அதுக்கு முன்னால பிள்ளையை விழச் சொல்ல ஏலாது."

மீனவர் கரையில் பிறந்த ஒருவர் செய்திருக்க முடியாத பிழை அது. நாமிருவரும் செய்தோம். திரும்பி வரும் வழியில், கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது பின்னால் இருந்து, "வாறவர் எண்டா முகம் வரும்" என்றீர்கள்.

கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கடையில் இறங்கியதும் நான் உங்களை வற்புறுத்தினேன். ஒரு கண், ஒரு மூக்கு, அந்தப் பிள்ளைக்காக என்றேன்.

"அந்தப் பிள்ளைக்காகப் பேப்பர்ல ஒரு பொய் எழுதுவீங்களா?"

"இதில என்ன பொய் நானா?"

"அவர நான் கண்டதில்ல. காணாத மனுசனுக்கு நான் ஒரு முகத்தச் செஞ்சு குடுத்தா, அந்தப் பிள்ள யாரக் கும்பிடும்?"

நீங்கள் கோபப்படவில்லை. கம்பியைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு, "நாளைக்கு விடியச் சல்லிக்குப் போவம். வாறவங்கள நான் பாத்ததே இல்ல" என்றீர்கள்.

கரையில் நாங்கள் நின்ற அந்தக் காலையை என்னால் இப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஈரமணலில் நின்றீர்கள். வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவர், "நானா, மீன் பாக்க வந்தனீங்களோ, மாப்பிள்ளை பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். "மாப்பிள்ளையும் கெடச்சா பாப்பம். விலை எப்பிடி?" என்றீர்கள். கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கண் கடலில் இருந்தது.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அலை உடையும் இடத்துக்கு வெளியே எஞ்சினின் வேகத்தைக் குறைத்துக் காத்து நின்றன. பிறகு ஒன்று சட்டென்று கரையை நோக்கிப் பாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஓட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பேப்பர்காரரே, ஒருத்தனாவது நம்மளப் பாக்கிறானா பாருங்க."

பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. நெஞ்சு கரையை நோக்கி இருந்தது, அணியமும் கரையை நோக்கி இருந்தது, தலை மட்டும் பின்னால் திரும்பி இருந்தது. எந்த அலை முதுகில் வருகிறது, எதற்கு முன்னால் ஓடவேண்டும், எதை விடவேண்டும் என்று கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அலையின் கணக்குப் பிழைத்தால் வள்ளம் கவிழும். கரையைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. மணலில் வள்ளம் முட்டிய பிறகுதான் தலை திரும்பியது.

நீங்கள் அந்த இடத்திலேயே மணலில் குந்தி இருந்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டாவது பலகையைக் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் கொண்டுபோனோம். வீடு நிறையச் சனம். குசினியில் பலகாரம் பொரிந்துகொண்டிருந்தது. அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலகையில் மரத்தின் வரிகள் அலையலையாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே அணியம் எங்களை நோக்கி நின்றது. பின்னால் ஒருவர் நின்றபடி, இடது கை எஞ்சின் பிடியில், தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் எழும் அலையைப் பார்த்துக்கொண்டு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்து, ஒரு காது, காற்றில் எழும்பிய துண்டின் நுனி.

அக்கா வீட்டுக்குள்தான் நின்றார், வெயில் இல்லை. ஆனாலும் கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் மகளுக்குச் சொன்னார்:

"பிள்ளை, தேத்தண்ணிக்கு வை. அப்பா வாறார்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நீங்கள் வெளியே போய் வேலியோரம் நின்றீர்கள். அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை அந்தப் பலகைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டதை நான் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. "கும்பிடுறது அவங்கட. எரிக்கிறது மட்டும் நம்மட" என்று சொல்லிவிட்டீர்கள்.

முதல் பலகை என்னிடம் வந்தது. "போறவர் உங்கட வீட்டில இருக்கட்டும். நீங்களும் எந்நேரமும் போற ஆள்தானே" என்று தந்தீர்கள். வாசற்கதவுக்கு உட்பக்கம் அது இருக்கிறது. மாரியில் ஈரம் ஏறினால் இலேசாக மணக்கும்.

நீங்கள் மௌத்தான செய்தியை எழுதியது நான்தான். பேப்பரிலிருந்து படம் கேட்டார்கள். நாற்பது வருடமாக நானும் இறந்தவர் வீடுகளில் முதலில் கேட்டது அதைத்தான்: ஒரு படம் இருக்கிறதா? உங்களுக்கு அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான், அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. விதவைக்குரிய இத்தாத் தனிமையில் இருந்த உங்கள் மனைவியிடம், உங்கள் மகள் வழியாக, வேறொன்று கேட்டனுப்பினேன். தூரத்தில் வரும்போது அவரை எப்படி அடையாளம் கண்டீர்கள்? மகள் உள்ளே போய்த் திரும்பி வந்து, உம்மா சொன்னதை அப்படியே சொன்னார்:

"அவர் தெரியமாட்டார். ஒடுங்கின ஒழுங்கையில வாற ஆக்கள் ரெண்டு பக்கமும் வேலியோட ஒதுங்குவாங்க. ஆக்கள் ஒதுங்கினா, அவர் சைக்கிள்ல குறுக்கால பலகையக் கட்டிக்கொண்டு வாறார் எண்டு சோத்தப் போடுவன்."

அதையே எழுதினேன். படமில்லாமல் வந்தது.

ஜனாஸாவுக்குத் தவமணி அக்கா மருமகனோடு வந்திருந்தார். ஒழுங்கை முகப்பில் என் பக்கத்தில் நின்றார். உங்களைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, அவர் தலையைக் குனிந்து மெல்லக் கடல் பக்கம் திரும்பி நின்றார். நானும் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே நீங்கள் போனதை நான் பார்க்கவில்லை நானா. ஆனால் எந்த ஒழுங்கையிலாவது எனக்கு முன்னால் போகிறவர்கள் வேலியோடு ஒதுங்கினால், இப்போதும் நானும் ஒதுங்கி நின்று, நிமிர்ந்து பார்க்கிறேன்.