உங்கள் கேமராவும் என் கேமராவும்

என்றும் என்னோடு மல்லுக்கு நின்ற அருமைச் சகலை எட்வினுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் கேமரா உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அங்கேயும் எல்லாரையும் உயரவாரியாக நிற்கவைத்து அதட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பது மட்டும் நிச்சயம். தேவதூதர்கள் பாடு பேஜார்தான். சிறகை மடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னீர்களா, இல்லையா?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ராணிப்பேட்டைப் பையன், கெமிக்கல் கம்பெனியில் வேலை. பணிவான பிள்ளை, ஜெனி பேசினால் குறுக்கே பேசுவதில்லை. ஒரே குறை, போட்டோ என்றால் சரியாக அந்த நொடியில் கண்ணை மூடிக்கொள்கிறான். நீங்கள் இருந்திருந்தால் இந்தச் சம்பந்தமே கைவிட்டுப் போயிருக்கும்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் ஸ்டெல்லா அண்ணியைக் கட்டினீர்கள், நான் அவர் தங்கை ரெஜினாவைக் கட்டினேன். ஒரே வீட்டு மருமகன்கள் இருவருக்குள் நிலத்தகராறு வரும், நகைத்தகராறு வரும். நமக்குக் கேமராவில் வந்தது. நீங்கள் வேலூரில் ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புப் பையோடு வந்து இறங்கினால்தான் நம் வீட்டில் விசேஷமே தொடங்கும். உங்களிடம் இருந்ததும் ஒன்றும் பெரிய கேமரா இல்லை. உள்ளே கண்ணாடி வைத்த அந்தக் காலத்து டிஎஸ்எல்ஆர், அதிலும் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் மாடல். ஆனாலும் குடும்பத்துக்கு அதுதான் கேமரா, நீங்கள்தான் போட்டோகிராபர்.

நானோ ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டு பார்ட்டிக்கு அனுப்ப ஷூவைப் படம் பிடிப்பதும் என் வேலை. அதற்குக் கம்பெனியில் மிரர்லெஸ் கேமரா தந்தார்கள். அதைப் பிடித்த கை சும்மா இருக்குமா? எனக்கென்று ஒன்று வாங்கினேன். அதுவும் ஆரம்ப மாடல்தான், சின்னது. அதை உங்களிடம் காட்டியபோது, கத்தரிக்காயை எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தீர்கள்.

"இன்னா சகல, உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"கண்ணாடி இல்ல சகல. அதனாலதான் மிரர்லெஸ்."

"நமக்குத்தான் டாக்டரு சுகர் இல்லாம டீ குடிக்கச் சொன்னாரு. கேமராவுக்குமா?"

அன்று தொடங்கியது. படம் எப்படி வரும் என்பதை அமுக்குவதற்கு முன்பே என் கேமராவின் சின்னத் திரை காட்டிவிடும் என்றேன். "முன்னாடியே தெரிஞ்சிட்டா அப்புறம் இன்னாத்துக்கு எடுக்கணும்?" என்றீர்கள். உங்கள் கேமராவின் துவாரத்தில் கண்ணை வைத்தால் நிஜமான ஆளையே பார்க்கலாம், என்னுடையதில் தெரிவது டிவி என்றீர்கள். இருட்டு மண்டபத்தில் உங்கள் நிஜமான ஆள் கறுப்பாகத்தான் தெரிகிறார் என்றேன் நான். கம்பெனியில் லென்ஸ் மாற்றும்போது தோல் தூசி உள்ளே போய் உட்கார்ந்து, என் படங்களில் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்ததே. "நல்லா இருக்கு சகல, காக்கா கூட்டம்" என்று சர்ச் வாசலில் நின்று எல்லாருக்கும் காட்டினீர்கள்.

பதிலுக்கு நானும் விட்டுவைக்கவில்லை. உங்கள் கேமராவின் பிடியிலிருந்த ரப்பர் உரிந்து தொங்கியபோது, ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஷூவுக்குப் போடும் பசையால் ஒட்டிக்கொடுத்தேன். "இனிமே இதுக்கு பாலிஷ் போட்டா போதும்" என்று சொன்னதும் நான்தான்.

போன வருஷம், ஒரு சாதாரண காலையில், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். வாதம் பாதியில் நின்றது. பாதியில் எழுந்துபோன ஆளிடம் எப்படி ஜெயிப்பது, சகலை?

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா அண்ணி எந்தப் படத்திலும் வருவதில்லை. கேமராவைப் பார்த்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறார். செல்போனைத் தூக்கினால் கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த படங்களில் அவருடைய முழங்கை ஒன்றும், கதவிடுக்கில் சேலை நுனி ஒன்றும்தான் இருந்தன. "என்ன எதுக்கு எடுக்கறீங்க, புள்ளைங்கள எடுங்க" என்பார். யாரும் வற்புறுத்தவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் ஜெனி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கினு போனா எங்கிட்ட அம்மாவோட புது போட்டோ ஒண்ணுகூட இருக்காது. எல்லாம் அப்பா இருந்தப்ப எடுத்தது. ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. எப்படியாவது."

எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளே அண்ணியிடமிருந்து போன். "தம்பி, நிச்சயதார்த்தத்துக்கு போட்டோ எடுக்க வெளி ஆளு வேணாம். நீங்களே எடுங்க. ஆனா அவரு கேமராலதான் எடுக்கணும்."

சகலை, ஒரு மனிதனுடைய சுயமரியாதையை யோசித்துப் பாருங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமரா என் வீட்டில் இருக்கிறது. நான் ஆட்டுத்தோல் போர்த்திய செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். கடைசியில் இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ரெஜினா ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் தொங்கவுட்டுக்குனு இன்னா இது, பால்காரன் மாதிரி?"

உங்கள் வீட்டு ஹாலில் நிச்சயதார்த்தம். முதல் குழப்பம் மாப்பிள்ளையின் பெரியப்பாவால் வந்தது. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, பெரிய மீசை. அவரை என் கேமராவில் சத்தமில்லாமல் எடுத்து முடித்துவிட்டேன். அவர் அசையவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். முகம் சிவக்கத் தொடங்கியது.

"எடுத்துட்டேன் ஐயா."

"எங்க எடுத்த? சத்தமே வரலியே."

"இதுல சத்தம் வராதுங்க."

"சத்தம் வராம எப்படிப்பா எடுத்ததா ஆவும்?"

திரையில் படத்தைக் காட்டினேன். அதில் அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு. எல்இடி விளக்கின் கீழே சத்தமில்லாமல் எடுத்தால் சில சமயம் அப்படி வரும். அதை அவரிடம் எப்படி விளக்குவது? "நான் கோடு போட்ட சட்டையா போட்டுக்கினு வந்தேன்?" என்று சம்பந்தி வீட்டாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நிலைமை முற்றுவதற்குள் உங்கள் கேமராவைத் தூக்கி ஒன்று அமுக்கினேன். தடக்! அவர் நிம்மதியாக மூச்சை விட்டார். "இது கேமரா" என்றார். அப்போது சுவரிலிருந்த உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை.

ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் ஜெயித்தது நான். உங்கள் கேமராவில் அவன் தூங்கினான், ஒவ்வொரு படத்திலும் தூங்கினான். என்னுடையதில் சரசரவென்று தொடர்ச்சியாக எடுத்ததில், மோதிரம் போடும் இடத்தில் ஒரு படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஜெனியின் கண் இமை முடி கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. இதை ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு வேறென்ன வேலை?

மோதிரம் மாற்றும்போதும் அண்ணி பின்னால், அடுப்படி வாசலில்தான் நின்றார். பந்தி தொடங்கிய பிறகுதான் எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. ஹால் ஓரத்தில், உங்கள் படத்துக்கு நேர் கீழே மேசை போட்டு, அண்ணி கிண்ணங்களில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தூண் மாதிரி நின்று, திரையை மேல்பக்கம் மடக்கி, கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்துச் சத்தமில்லாமல் எடுத்தேன். இதைத்தானே உங்கள் கேமராவில் செய்ய முடியாது? நிறைய எடுத்தேன். அவருக்குத் தெரியவே இல்லை.

ஜெனியைக் கூப்பிட்டு மூலையில் வைத்துக் காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். முதல் படத்தில் அண்ணி மங்கல். இரண்டாவதிலும் மங்கல். எல்லாவற்றிலும் மங்கல். பின்னால் சுவரில் சட்டத்துக்குள் இருக்கும் நீங்கள் மட்டும், மீசை முடி தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருக்கிறீர்கள். அண்ணி குனிந்திருந்ததால் கேமராவுக்கு முகம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே முகத்தை, உங்கள் முகத்தை, அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா வேணும்னே பண்றாரு சித்தப்பா."

மறுபடி எடுக்கலாம் என்று திரும்பினேன். திரை அணைந்துவிட்டது. பாஸ்டருடைய ஜெபம் முழுவதையும் வீடியோ எடுத்திருந்தேன். அவர் உலக சமாதானம் வரைக்கும் ஜெபித்திருந்தார். பேட்டரி அதற்கு முன்பே பரலோகம் போகத் தயாராகிவிட்டது. மாற்றுப் பேட்டரி ஆம்பூரில், அலமாரியில்.

மிச்சம் இருந்தது உங்களுடையது. அதன் பேட்டரிக் குறி காலையில் இருந்த மாதிரியே இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக எப்படி எடுப்பது? ஒன்று எடுத்தால் அண்ணி உள்ளே ஓடிவிடுவார். போனால் போகிறது, குனிந்த தலையாவது கிடைக்கட்டும் என்று துவாரத்தில் கண்ணை வைத்தேன். மையப் புள்ளியை அண்ணி மேல் நிறுத்தி அமுக்கினேன்.

தடக்.

அண்ணி ஓடவில்லை, சகலை. தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்தார். காதோரத்து முடியை ஒதுக்கினார். பிறகு சத்தம் வந்த பக்கம் திரும்பி, மோவாயைக் கொஞ்சம் உயர்த்தி, சிரித்தார். இத்தனை வருஷம் ஒவ்வொரு விசேஷத்திலும் நீங்கள் அதட்டி அதட்டிப் பழக்கியது அவர் கையிலும் கழுத்திலும் அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அதைத் துவாரத்தின் வழியாகப் பார்த்தேன். டிவியில் இல்லை, நேராக. அமுக்க மறந்து ஒரு கணம் நின்றுவிட்டேன். பிறகு அமுக்கினேன்.

கேமராவை இறக்கியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது.

"சத்தத்த கேட்டு அவருன்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பாயசம் ஊற்றினேன். பாதி மேசை மேல் ஊற்றினேன். அதைப் பார்த்துத்தான் அண்ணிக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"எங்க, காட்டுங்க." படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாதான் இருக்கேன்" என்றார். "இன்னும் ஒண்ணு எடுங்க. ஜெனியோட." எடுத்தேன். அப்புறம் மாப்பிள்ளையோடு, சம்பந்தியம்மாவோடு, ரெஜினாவோடு. மூடிய கண்ணும் திறந்த கண்ணுமாக எத்தனையோ. எல்லாவற்றிலும் அண்ணி இருக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் முழுசாக ஜெயித்துவிட்டதாக எழுதி முடித்திருப்பேன். முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உங்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். "தம்பி, எனக்கும் எடுக்கக் கத்துக் குடுங்க. ஜெனிய நான் எடுக்கணும்" என்றார் அண்ணி. நெகிழ்ந்துபோய் உங்கள் கேமராவை அவர் கையில் கொடுத்தேன். ஒரு படம் எடுத்தார். அதில் எனக்குத் தலை இல்லை. கேமராவை மேசையில் வைத்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"இவ்ளோ கனமா? இத்தன வருஷம் எப்படித்தான் தூக்கிக்கினு திரிஞ்சாரோ. அது இன்னா, அந்தச் சின்னது?"

கொடுத்தேன். வாசலில் நின்ற எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்து நீட்டினார். "தம்பி! அது கண்ணையே தேடிப் புடிக்குது பாருங்க!" என்று கத்தினார். குட்டி பயந்து ஓடியது. பின்னாலேயே இவரும் ஓடினார். படத்தைப் பார்த்தேன், சகலை. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் என்னுடைய முதல் படங்களைவிட நன்றாக இருக்கிறது.

நாங்கள் கிளம்பும்போது அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழியில் ரெஜினாவிடம் மெல்லச் சொன்னேன். "எங்க அக்காகிட்ட போய் கேமராவ குடுன்னு கேப்பீங்களா? கேட்டுப் பாருங்க" என்றாள். கேட்க மாட்டேன்.

ஆகவே, இவ்வளவு வருஷம் உங்கள் கேமராவைத் திட்டிய நான் இப்போது உங்கள் கேமராவோடு திரிகிறேன். நான் கண்ணாக வைத்திருந்த மிரர்லெஸ், நீங்கள் கட்டிய பெண்ணின் கையில். அங்கே உங்கள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது தீர்ப்புச் சொல்லட்டும், எது நல்ல கேமரா? எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று அண்ணி முன்வரிசையில் நின்று ஜெனியைப் படம் எடுப்பார். அது அவர் வேலை, யாரும் குறுக்கே போகமாட்டோம். அண்ணியைப் படம் எடுப்பது இனி என் வேலை. அன்றைக்கு மட்டும் இல்லை, இந்த வீட்டில் நடக்கப்போகிற ஒவ்வொரு விசேஷத்திலும். உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகவே எடுப்பேன், சகலை. இது வாக்கு.

இப்படிக்கு,
நீங்கள் பெண்ணெடுத்த வீட்டிலேயே பெண்ணெடுத்த,
உங்கள் சகலை பால்ராஜ்,
ஆம்பூர்.