மூன்று மணி நேரச் சிங்கப்பூர்

ஓய்,

இன்று காலை சட்டைப் பெட்டியைக் குடைந்தபோது உமது கறுப்பு நூல் கையில் சிக்கியது. ஒரு மணி நேரப் பறப்புக்கு ஒரு முடிச்சு என்று நீர் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. பாம்பைத் தொட்டவன்போல் கையை உதறினேன். "மவுத்தாப் போன மனுசன் மேல இன்னுமா கோவம்?" என்றாள் என் மனைவி. ஆமாம், நீர் செத்த பின்னும்தான்.

நம் தீவின் சூலியா வீதியில் நீர் விற்றது துணி. வந்தவர்கள் வாங்கிப் போனது உமது பூகோளம். நாற்காலிக்குப் பின்னால் ஆசியா படம். அதில் நூலை வைத்து ரங்கூன் இவ்வளவு, ஹாங்காங் இவ்வளவு என்று அளப்பீர். துணியை அளக்கையில் விரற்கடை குறையும், ஆகாயத்தை அளக்கையில் மட்டும் தாராளம். பாயான் லெப்பாஸ் திடலில் விமானம் இறங்கத் தொடங்கியதும் உம்மைப் பிடிக்க ஆளில்லை. ஏறினவன் நம் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. அதனால் மறுப்பவனும் இல்லை.

சிங்கப்பூரில் என் அண்ணனுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்த காலையில், பையோடு படகுத்துறைக்குத்தான் கிளம்பினேன். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலேறினால் மறுநாள் காலை சிங்கப்பூர். கடை வாசலில் மறித்தீர். நூலைப் படத்தில் வைத்தீர்.

"முந்நூத்திச் சொச்சம் மைல். மூணே மணி நேரம், தம்பி. பகல் சோத்தை அண்ணன்கூடச் சாப்பிடலாம் லா. ரயில்ல போயி கரி பூசிக்கணுமா?"

உண்மையைச் சொல்கிறேன், உமது நூலைவிட என் சபலம் நீளம். நம்மவரில் முதலில் பறந்தவன் என்ற பெயர் கண்முன் மின்னியது. அண்ணன் அங்கே படுத்திருக்க, நான் சலூனில் உட்கார்ந்து மீசையைத் திருத்திக்கொண்டேன். பிறகு வாடகைக் காரில் பாயான் லெப்பாஸ். திடலில் இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காவலாளி என் மீசையை ரசித்துவிட்டு, இன்றைக்கு விமானம் கிடையாது, வாரத்தில் மூன்று நாள்தான், நாளை மறுநாள் வா என்றான்.

திரும்பி வருவதற்குள் அன்றைய ரயில் போய்விட்டது, மறுநாள்தான் ரயிலேற முடிந்தது. நான் போய் இறங்குவதற்கு முந்தின பகலே அண்ணனை அடக்கிவிட்டார்கள். நம்மில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? முதல் ரயிலில் போயிருந்தால் முகம் பார்த்திருப்பேன். ஈர மண்ணைப் பார்த்தேன்.

திரும்பி வந்து உம் கடையில் நின்றபோது நீர் சொன்னீர்: "பறக்குற நேரம் மூணு மணிதானே, தம்பி. என் கணக்குல என்ன தப்பு?"

அதன்பின் உம்மோடு நான் பேசவில்லை. உம்மைப் பற்றித்தான் பேசினேன், எல்லாத் தேநீர்க் கடையிலும்.

போன நோன்புக்கு முன்னால், ஒரு விடியலில் நீர் மவுத்தானீர். உம் மகன் சிங்கப்பூரில். சீக்கிரம் அடக்கிவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். மகன் முகம் பார்க்கட்டும் என்று அழுதார் உம் மனைவி. விமானம் என்றாலே ஊருக்கு என் மீசைதானே ஞாபகம் வரும்? காத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்க ஆள் அனுப்பினார்கள். நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது, ஓய். ரயில்தான், நாளைக்குத்தான், காத்திருக்க வேண்டாம்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

விமானம் வரும் கிழமை. அவசரத் தந்தி கொடுக்கச் சொன்னேன். பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் உம் மகன் வந்து முகம் பார்த்தான். உமது ஜேபியில் இருந்ததென்று இந்த நூலை என்னிடம் தந்தான். நான் உம் முகம் பார்க்கவில்லை, வாசலோடு நின்றுகொண்டேன்.

நூலை மறுபடி பெட்டியில்தான் போட்டேன். இப்போதெல்லாம் யாராவது பயணம் சொல்லிக்கொள்ள வந்தால் தூரம் கேட்பதில்லை, கிழமைதான் கேட்கிறேன். அதை நீர் கற்றுக்கொடுத்ததாக அங்கே போய்ப் பெருமை பேச வேண்டாம்.