ஆரஞ்சு கேமராவும் என் பின்பக்கமும்

ஜனவரி 8, ஞாயிறு

புத்தாண்டுக்குத் தின்ற மோச்சி, அந்த அரிசி மாவு உருண்டை, இன்னும் வயிற்றைவிட்டு இறங்கவில்லை. பனிச்சறுக்குக் கால்சட்டையின் கொக்கி மாட்ட மாட்டேன் என்கிறது.

மதியம் நாத்தனார் சச்சியே வந்தாள். ஒரு பெட்டி ஆரஞ்சும் வாய் நிறைய அக்கறையுமாக வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். கோட்டில் அந்தப் பனிச்சறுக்குப் பரீட்சையின் முதல் கிரேடு பேட்ஜ். மளிகைக் கடைக்குப் போனாலும் அதைக் குத்திக்கொண்டுதான் போவாள்.

"அண்ணி, இந்த வருஷமும் பரீட்சைக்குப் போறீங்களா? உங்க விடாமுயற்சி யாருக்கு வரும்!"

விடாமுயற்சியாம். தோற்றவளுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு. எங்கள் ஊரில் மலையிலிருந்து யார் வேகமாக இறங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு ஒழுங்காக இறங்கினார் என்று மார்க் போட மூன்று நடுவர்கள் குளிரில் நிற்பார்கள். நான்கு ஓட்டம், மொத்தம் 280 எடுத்தால் முதல் கிரேடு. நான் போன வருஷம் 279. அதற்கு முந்தைய வருஷமும் 279. அதற்கும் முன்னால் 278. அந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு தடவையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

வாய் சும்மா இருந்ததா? "இந்த வருஷமும் வரலேன்னா என் சறுக்குப் பலகை ரெண்டையும் உனக்கே குடுத்துடறேன், சச்சியே" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே நீளத்தைக் கேட்டாள்!

கூனிஹிகோ பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என் கணவர், என் பயிற்சியாளர். பத்தொன்பது வயதில் முதல் தடவையிலேயே தேறிய மகான். பதினாலு வருஷமாக என் பின்னாலேயே மலையிறங்குகிறார். கீழே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்பேன். "நல்லாதான் இருந்துச்சு" என்பார். நல்லாதான் இருந்தால் அந்த ஒரு மார்க் எங்கே போகிறது?

நானே பார்த்துவிடுகிறேன். கேமரா வாங்கப் போகிறேன்.

ஜனவரி 10

போனிலேயே எடுக்கலாமே என்று நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எல்லோரும் சொன்னார்கள். போன சீசனில் அதையும் செய்து பார்த்தாயிற்று. குளிரில் போன் பாதி வழியிலேயே அணைந்துவிடும். கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடும்.

ஜனவரி 14, சனி

நாகஓகாவில் கேமரா கடை. என் கனத்த கையுறைகளைப் பையில் எடுத்துப்போய், கடைக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேமராவாக அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போனார்.

முதலாவதில் தூரத்தை இழுத்துக் காட்டும் சக்தி பிரமாதம். ஆனால் நெஞ்சுப் பையில் வைத்தால் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு விழுந்த மாதிரி இருக்கும். இரண்டாவது தண்ணீரில் போட்டாலும், கல்லில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். ஆனால் சரிவின் அடியிலிருந்து எடுத்தால் நான் சோற்றில் விழுந்த எள்ளாகத்தான் தெரிவேன். மூன்றாவது வெள்ளை நிறம், மெலிசு, கொள்ளை அழகு. அதன் பொத்தான் கையுறைக்கு அகப்படவே இல்லை.

விற்பனையாளர் முராகோஷிக்கு என் வயது இருக்கும். மூக்கில் வெயில் பட்டுத் தோலுரிந்த தடம், அவரும் சறுக்குகிறவர்தான். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"யாரைங்க எடுக்கப் போறீங்க?"

"என்னைத்தான்."

"எடுக்கறது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்படின்னா அவரோட கையுறையத்தான கொண்டாந்திருக்கணும்?"

ஒரு மணி நேரம் கடை நடுவில் கையுறையோடு நின்றிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி 15, ஞாயிறு

கூனிஹிகோவையும் அவர் கையுறையையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனேன். நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். ஏழு கேமராவை எடுத்தார், ஆறை வைத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மிச்சம் இருந்தது நடுத்தரமானது. ஓரளவு தூரம் இழுக்கும், பொத்தான் பெரிது, ஈரம் தாங்கும், மைனஸ் பத்து வரை வேலை செய்யும். வெயிலில் திரை தெரியாது என்பதால் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னலும் உண்டு.

நான் வெள்ளை கேட்டேன்.

"பனியில விழுந்தா எங்க போய்த் தேடுவீங்க?" என்றார் முராகோஷி. "ஆரஞ்சு எடுத்துக்குங்க. அப்புறம், வெளிச்சத்தை ஒரு புள்ளி ஏத்தி வெச்சுக்குங்க. இல்லேன்னா பனியெல்லாம் சாம்பலாத்தான் விழும்."

பேச்சே இல்லாத என் கணவரும் இவரும் பேட்டரியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள். என்னோடு இத்தனை பேசினால் விவாகரத்துக் கேட்கப் போகிறார் என்று பயந்துவிடுவேன்.

ஜனவரி 22, ஞாயிறு

முதல் நாள் படப்பிடிப்பு. காலை ஒன்பது மணி, மைனஸ் எட்டு, பொடிப் பனி, நீல வானம். நானே எனக்குக் கைதட்டலாம் என்கிற மாதிரி இறங்கினேன். அப்படி ஒரு ஓட்டம் எனக்கு வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

படத்தைப் பார்த்தால் வெறும் பால். வெள்ளைக்குள் வெள்ளை, அதற்குள் ஏதோ ஒரு நிழல் அசைகிறது.

என்ன நடந்தது என்றால், குளிரில் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று இந்த மனிதர் ஒட்டுகிற சூட்டுப் பையைக் கேமராவின் முதுகில் ஒட்டிச் சட்டைக்குள் வைத்திருந்தார். இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் எதில்தான் அதை ஒட்ட மாட்டார்கள்? இடுப்பில், பாதத்தில், பூனையின் மெத்தையில், போன வாரம் மாமனார் படத்தின் பின்னால்கூட ஒன்றைக் கண்டுபிடித்தேன். சுடச்சுட வெளியே வந்த லென்ஸ் முழுக்க ஆவி.

"பேட்டரி நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

பிறகு கறிச்சோறு சாப்பிட மலையடி உணவகத்துக்குள் போனோம். ஜில்லென்றிருந்த கேமராவை அடுப்புப் பக்கத்து மேஜையில் வைத்தார். அது மேலெல்லாம் வேர்த்துக் கொட்டியது. உள்ளே போகும் முன்பே இறுக்கி மூடும் பையில் போட்டுவிட வேண்டுமாம். பக்கத்து மேஜைக்காரர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னார்.

ஜனவரி 29, ஞாயிறு

பார்த்துவிட்டேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது: கொக்கு. திரையில் வந்தது: கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டு, கிடைத்த இடத்திலெல்லாம் பாதி உட்கார்ந்து எழுந்திருக்கிற ஒரு பெண். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்பக்கம் பலகைக்குப் பின்னால் தொங்குகிறது. நான் முன்னே போகிறேன், அது தனியாக வருகிறது. அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் பெல்ட்டில் ஓடுகிற ஆயிரம் பிஸ்கட்டில் ஒரு விரிசலைப் பிடிக்கிற கண் எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதற்குத்தான் சம்பளம். என் விரிசல் இவ்வளவு அகலமா?

மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து கத்தினேன்.

"பதினாலு வருஷமா பின்னாடியே வர்றீங்களே, இது உங்க கண்ணுல படவே இல்லையா?"

"பட்டுச்சு."

"பட்டுச்சா! அப்ப ஏன் சொல்லல?"

"மொத வருஷம் சொன்னேன். மூணு நாள் எங்கிட்டப் பேசல நீ. நாலாவது நாள் வெறுஞ்சோத்தக் கட்டிக் குடுத்த. நடுவுல ஒரு ஊறுகாகூட இல்ல."

"அதுக்காக?"

"அதுலேர்ந்து நல்லாதான் இருக்குன்னு சொல்றேன். வீட்லயும் நல்லாதான் இருக்கு."

மனுஷன் இப்படியா பண்ணுவான்? அஞ்சு தடவ, அஞ்சு தடவ அந்த ரிசல்ட் போர்டு முன்னாடி போய் நின்னேனே, அப்பவும் வாயத் தொறக்கலியே! காருக்குப் போய் அழுதேன். ஏமாற்றிவிட்டார் என்று அழுதேனா, அந்த வெறுஞ்சோறு எனக்கே ஞாபகம் வந்துவிட்டது என்று அழுதேனா, தெரியவில்லை.

ஜனவரி 30

பேசவில்லை. சோற்றில் மட்டும் ஊறுகாய் வைத்தேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவர் வாயைத் திறக்க வேண்டாம். நான் இறங்குகிறேன், அவர் எடுக்கிறார். கீழே வந்ததும் நான் உட்காரும் இடத்தில் படத்தை நிறுத்திக் கேமராவை நீட்டுவார். அவ்வளவுதான். கேமராவோடு சண்டை போட முடியவில்லை. மூணு நாள் அதோடு பேசாமல் இருந்தால் அதற்கென்ன நஷ்டம்?

இன்று பதினொரு ஓட்டம். பதினொரு தடவையும் என் பின்பக்கத்தைப் பெரிதாக்கி நீட்டினார். ஒரு தடவை தேவைக்கு மேல் பெரிதாக்கினார். முறைத்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கணுக்காலை மடக்கினால் இடுப்பு தானாக முன்னால் வருகிறது! இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். யார் சொல்லியிருக்க முடியும், நான் விட்டிருந்தால்தானே.

எட்டாவது ஓட்டத்தில் நிறுத்திக் காட்ட இடமில்லாமல் கேமராவைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்று முழுக்க எனக்குக் குளிரவே இல்லை.

பிப்ரவரி 18, சனி

சச்சியே போன் பண்ணினாள். "அண்ணி, அந்தப் பலகைக்கு மெழுகு போட்டு வெச்சிருக்கீங்களா? சும்மா கேட்டேன்."

போட்டிருக்கிறேன்டி. நான் ஓட்டுவதற்கு.

பிப்ரவரி 26, ஞாயிறு

பரீட்சை நாள். என் எண் 31. காலையில் ஈரப் பனி விழுந்து பத்து மணிக்கு நின்றது. முதல் மூன்று ஓட்டமும் சுமாராகப் போயின. விழவில்லை, நடுவர் யார் மீதும் ஏறவில்லை. கடைசி ஓட்டம் செங்குத்துச் சரிவில் குட்டித் திருப்பங்கள். எப்போதும் என்னைக் கவிழ்ப்பது அதுதான். மேலே நின்று கையுறையை இறுக்கிக்கொண்டேன். கீழே கயிற்றுக்கு அப்பால் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. சரி, எடுக்கிறார்.

அதற்கப்புறம் எதுவும் ஞாபகமில்லை. இறங்கினேன் என்பது கீழே நின்றபோதுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்குப் பெரிய கூடத்தில் மார்க் தாளை ஒட்டினார்கள். நான் போகவில்லை. அவரைப் போகச் சொன்னேன். அவரும் போகவில்லை. இரண்டு பேரும் நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து ஒன்றாகப் போனோம்.

31: 280.

ஒரு மார்க் கூட அதிகமில்லை. கருமித்தனமான 280. தாளைத் தடவிப் பார்த்தேன், மை உண்மையானதுதான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன். அவள் தோற்றிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், அவளையும் அழ வைத்துவிட்டேன்.

காருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேமராவைப் பிடுங்கினேன். அந்தக் கடைசி ஓட்டம் எனக்கு வேண்டும். கிழவியானாலும் போட்டுப் பார்ப்பேன். சச்சியேயை உட்கார வைத்துக் காட்டுவேன்.

நாற்பத்திரண்டு நொடி. முதல் இரண்டு நொடி நான் மேலே நிற்கிறேன். மிச்சம் நாற்பதும் அவருடைய பூட்ஸ். இடது பூட்ஸ், வலது பூட்ஸ், நடுவில் கொஞ்சம் பனி.

"என்னங்க இது?"

"கை எறங்கிடுச்சு போல."

"கை எறங்கிடுச்சா! அஞ்சு வருஷம் தோத்தேன். ஒரே ஒரு ஓட்டம் ஒழுங்கா ஓடினேன். அதுக்குத்தான இந்தக் கருமத்தையே வாங்குனது. நீங்க என்னன்னா பூட்ஸப் படம் புடிச்சு வெச்சிருக்கீங்க!"

"அந்த ஜன்னல் வழியா பாத்தா நீ சின்னதா இருந்த. கேமராவ எறக்கிட்டுக் கண்ணால பாத்தேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பாத்தீங்கல்ல, சொல்லுங்க அப்ப. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார். காரைக் கிளப்பாமல், ஸ்டீயரிங் மீது கையை வைத்துக்கொண்டு, திருப்பம் திருப்பமாகச் சொன்னார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் உட்கார்ந்தாய். நான்காவதில் பிடித்துக்கொண்டாய். ஏழாவதில் இடது கை பின்னால் போயிற்று, நீயே இழுத்துக்கொண்டாய். கடைசி ஐந்தும் யாராலும் குறை சொல்ல முடியாது. அதோடு நிற்கவில்லை. போன வருஷம் இதே சரிவில் எங்கே விட்டேன், அதற்கு முந்தைய வருஷம் எந்தத் திருப்பத்தில் கோல் சிக்கியது, காய்ச்சல் என்று சொன்ன வருஷத்தில் காய்ச்சலே இல்லை என்பதுவரை. வாழ்க்கையில் அவர் அத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை. நானும் குறுக்கே பேசவில்லை. மூன்றாவதில் உட்கார்ந்தேன்தான்.

"இத்தன வருஷத்தையும் எப்படிங்க ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"மலைக்கு வந்தா பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"மலை இருக்கு" என்றேன்.

யோசித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

"அது வருஷம் பூரா இங்கதான இருக்கு."