அப்பா ஓடுவது பற்றி அம்மாவுக்கு

அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. உன் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகமா என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கண்ணில் பட்டது நிறம்தான். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அப்பா ஓடிவிட்டு வந்து கழிப்பறைக்குப் போனார். களைப்பில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். நான் வாளியோடு போனபோது பார்த்தேன். பால் ஊற்றாத காப்பி மாதிரி இருந்தது. வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டு வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தொடாத கையை எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை. போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போனில் சொல்லக் கூடாதா என்பாய். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். நீ வேலை செய்கிற வீட்டிலோ உன்னை வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச விடுகிறார்கள். அப்போதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வேன்?

எனக்கு எளிதில் அருவருப்பு வராது, உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளைத்தான் பிரித்துப் போடுகிறேன். நான் பார்க்காத கறை இல்லை. "இவளுக்கு மூக்கு சும்மா அழகுக்குத்தான்" என்று சூப்பர்வைசர் அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்த மூக்கு வீட்டுக்கு வந்ததும் விழித்துக்கொள்கிறது. கதவைத் திறந்தாலே தைல வாடையும் காலுறை வாடையும் கலந்து முகத்தில் அடிக்கிறது. ஓடும் ஷூக்களை அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் காய வைக்கிறார், நான் கீழே சமைக்கிறேன். தொடை உரசாமல் இருக்க நீ விட்டுப்போன வாஸலின் டப்பாவைக் காலி செய்துவிட்டார். மிச்சத்தில் முடி ஒட்டியிருக்கிறது. சட்டைப் பையில் ஓடும்போது உறிஞ்சுகிற ஏதோ இனிப்புப் பசை பாக்கெட், அதைச் சுற்றி எறும்பு. மார்புக் காம்பு உராய்ந்து பனியனில் இரண்டு இரத்தப் பொட்டு. அதைத் துவைத்துத் தந்தால், "ஏன்டா துவைச்ச, கேப்டன்கிட்ட காட்டணும்னு இருந்தேன்" என்கிறார்.

கால் பெருவிரல் நகம் ஒன்று கறுத்துக் கழன்று விழுந்தது. அதைக் குப்பையில் போடவில்லை. தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். நான் அடுப்புப் பற்ற வைக்கப் போய் அதைத் திறந்தேன். அன்று நான் சாப்பிடவில்லை.

கேப்டன் யார் என்று உனக்குச் சொன்னதில்லை. அப்பா லிஃப்ட் ஓட்டுகிற கட்டடத்தில் ஏழாவது மாடி அதிகாரி அவர். ஞாயிறு தோறும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வேனில் ஊருக்கு வெளியே போய் ஓடுகிறார். முன்பெல்லாம் லிஃப்டில் ஏறியதும் "ஏழு" என்று மட்டும் சொல்வாராம், முகத்தைப் பார்க்க மாட்டாராம். ஒருநாள் அப்பாவின் தொப்பையைப் பார்த்துவிட்டு, "உக்காந்து உக்காந்து ஊதிட்டியேப்பா, எங்ககூட ஓட வா" என்றாராம். விளையாட்டாகச் சொன்னதை அப்பா உண்மையென்று பிடித்துக்கொண்டார். நீ விடுமுறை முடிந்து திரும்பிப் போன மாதம் அது. இப்போது எல்லோரையும்விட அப்பாதான் வேகம். பெயரே "புல்லட்" ஆகிவிட்டது. லிஃப்டில் ஏறும்போதே கேப்டன் தோளில் தட்டி, "என்ன புல்லட், கால் எப்படி?" என்கிறாராம். அதை என்னிடம் சொல்லும்போது அப்பாவின் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

ஒருமுறை அத்தனை பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். வேர்வை காயாத உடம்போடு நம் படுக்கையிலேயே உட்கார்ந்தார்கள். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து யார் கொப்புளம் பெரிசு என்று காட்டிக்கொண்டார்கள். ஒருவர் வழியில் வாந்தி எடுத்ததை நடித்துக் காட்டினார், மற்றவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் கேப்டன் பையிலிருந்து வலி மாத்திரை அட்டையை எடுத்து மிட்டாய் மாதிரி ஆளுக்கு இரண்டு பிய்த்துக் கொடுத்தார். "வலி வந்தப்புறம் போடுறவன் சோம்பேறி. வர்றதுக்கு முன்னாடியே போட்டு அதை அடிச்சுப் போட்டுடணும்" என்றார். தண்ணீர் குடித்தால் வழியில் ஒதுங்க வேண்டிவரும், ஒதுங்கினால் நேரம் போய்விடும் என்று வேறு பாடம். அப்பா பெருமையாக, "இன்னிக்கு முழு ஓட்டத்துக்கும் ஒரே மடக்குதான் சார்" என்றார். ஒருவர் என்னைப் பார்த்து, "பாப்பா, நீயும் வாயேன், இப்படிச் சுவரோட சுவரா நிக்காம இருப்ப" என்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அந்த நிறத்தைப் பார்த்த பிறகு மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், பஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். கடைக்காரப் பெண்மணியிடம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு இப்படி என்று சொன்னேன். அவர், "மாத்திரையைப் போட்டுட்டு, தண்ணியும் குடிக்காம அவ்வளவு தூரம் ஓடுறாரா? கிட்னி போயிடும்மா. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. தட்டு வைக்கும்போது "அப்பா" என்றேன். "என்னடா" என்றார். "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்டுவிட்டேன். ஒரு பெண் தன் அப்பாவிடம் போய் உங்கள் மூத்திரத்தைப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்? பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். அதை எடுத்துப் பாதத்தில் ஊற்றிக்கொண்டார், எரிகிறதாம்.

வருகிற ஞாயிறுதான் பெரிய ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். அதற்குள் என் வாய் திறந்திருக்க வேண்டும்.

உன் மகள்

---

அம்மாவுக்கு,

பயப்படாமல் படி. அப்பா பேசுகிறார், திட்டுகிறார், நர்ஸிடம் சண்டை போடுகிறார். ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் முதலாளியம்மா எண்ணுக்கு அப்பாவின் போனிலிருந்து அடித்தேன். வெள்ளிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் இதுவும் கடிதம்தான்.

இன்று விடியும் முன்பே அப்பா தயாராகிவிட்டார். நம்பர் குத்திய சட்டை. மார்பில் ஒட்டப் பிளாஸ்திரி வெட்டித் தரச் சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டிக் கொடுத்தேன். இரண்டு மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினார். கழிப்பறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார், முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. குனிய முடியவில்லை, ஷூ நாடாவைக் கட்டிவிடச் சொன்னார். மண்டியிட்டுக் கட்டினேன். கணுக்காலில் என் விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. மேலெழும்பவே இல்லை.

இரண்டு ஷூவையும் இறுக்கிக் கட்டினேன். எழுந்து, குப்பையை வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து கதவைப் பூட்டினேன். யோசித்துச் செய்ததில்லை அம்மா. பூட்டிய பிறகுதான் பூட்டிவிட்டேன் என்று தெரிந்தது.

முதலில் "விளையாடாதடா, திற" என்றார். பிறகு கதவைத் தட்டினார். பிறகு உதைத்தார். கீழே வேன் ஹாரன் அடித்தது. நான் "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தை வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து, "என்னடி இது, பெத்த அப்பனை உள்ள வச்சுப் பூட்டிட்டு நிக்கிற? அவர் என்ன ஓடியா போயிடப் போறாரு?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "உங்க மூத்திரம் கறுப்பா போகுதுப்பா! ரெண்டு வாரமா பார்க்கிறேன்! நீங்க செத்துப் போயிடுவீங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே தெரியாது. மேல்மாடியில் இரண்டு கதவு திறந்தது. அத்தையின் வாயிலிருந்து நுரை வழிந்தது, துடைக்கவில்லை.

உதை நின்றது. அப்பா கதவுக்கு அருகிலிருந்து, "நானும் பார்த்தேன்" என்றார். இந்த ஓட்டம் முடியட்டும் என்று இருந்தாராம். அப்புறம் ஒன்று சொன்னார். "இன்னிக்குப் போகலைன்னா, நாளைக்கு லிஃப்டுல மறுபடியும் 'ஏழு'ன்னு மட்டும்தான்டா சொல்வாங்க."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உனக்குத் தெரியுமா?

அதற்குள் கேப்டனே படியேறி வந்தார். பின்னால் அவர்களில் ஒருவர், தடிக் கண்ணாடி போட்டவர். கேப்டன் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? நெடுந்தூரம் ஓடுறவனுக்கு இதெல்லாம் சகஜம் பாப்பா. ரெண்டு நாள்ல தானா வெளுத்துடும். திற, நேரமாகுது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த இனிப்புப் பசை வாடை வந்தது. நான் சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

அப்போது கண்ணாடிக்காரர், "சார், எனக்கும் போன மாசத்துல இருந்து அப்படித்தான் போகுது" என்றார். கேப்டன் அவரைப் படியில் கிடக்கும் சளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கண்ணாடிக்காரர் விடவில்லை. "உங்களுக்கு சார்?" என்று கேட்டார். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரரும் அத்தையும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் படியிறக்கினார்கள். நான் பின்னால் அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஓட்டத்துக்குக் கட்டிய ஷூவோடுதான் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கிறதாம். இன்றும் ஓடியிருந்தால் இங்கே நடந்து வந்திருக்க மாட்டார் என்றார். ஊசி வழியாக நீர் ஏற்றுகிறார்கள். இரத்தத்தில் ஏதோ ஒன்று இறங்க வேண்டுமாம். இறங்கிவிட்டால் சரியாகிவிடும், இறங்கவில்லை என்றால் மெஷினில் போடுவார்களாம். எது நடக்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இனி இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. ஓடுவதைப் பற்றி அப்பா கேட்டதும் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்கள் காலடியில்தான் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான்கு பாதங்கள், எட்டு கறுத்த நகம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நடைவழிக்கு வந்துவிட்டேன். அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை அம்மா. அருவருப்பும் போகவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன.

நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அந்த வீட்டுப் பெரியவரை நீ இல்லாமல் யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள், எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பேசும்போது அப்பாவைத் திட்டாதே. "சாப்பிட்டாச்சா", "சாப்பிட்டாச்சு" என்று வைத்துவிடாதே. எங்கெல்லாம் ஓடினார், எந்த மேட்டில் மூச்சு வாங்கியது, யாரை முந்தினார் என்று கேள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இரு. நான் அவ்வளவு நேரம் கேட்க மாட்டேன், எனக்குக் குமட்டும். நீ கேட்பாய். நீ கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நிறையத் தண்ணீர் குடி.

உன் மகள்

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனபோது அப்பாவின் போன் அடித்தது. கேப்டன். அப்பா போனை என்னிடம் நீட்டினார். நான் எடுத்தேன். ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். புல்லட் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டர்கிட்டம்மா காட்டுனீங்க?" என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன்.